தெற்குச் சரிவு

சாரி-ஜெல் கணவாயின் உச்சியில் விடிவதற்கு முன்பே கடப்பாரை விழும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. இராத்திரிப் பனியில் நனைந்து, பின்னிரவுக் குளிரில் இறுகி, வண்டிகள் வழுக்காமலிருக்க ரோட்டில் தூவும் மணல் குவியல் ஒரே பாறையாகிக் கிடந்தது. உல்கான் கடப்பாரையை ஓங்கிப் போட்டாள். நுனி வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி ஓங்கினாள். ஆட்டுத்தலை அளவுக்கு ஒரு கட்டி பெயர்ந்து உருண்டது. கையுறைக்குள் விரல் எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மூக்குக்குக் கீழே கட்டியிருந்த துணி மூச்சுபட்டு உறைந்து தகரமாய் விறைத்திருந்தது.

பக்கத்தில் மேஸ்திரி மாம்பெத் பெயர்ந்த கட்டிகளை மண்வாரியின் முதுகால் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அதை அள்ளி லாரியில் வீசினார்கள். பேச வாயைத் திறந்தால் பல் கூசும் குளிர்.

கொஞ்சம் தள்ளி இன்னொரு மணல் குவியல் இருந்தது. அது வடக்குப் பக்கத்து ஆட்களுடையது. அதில் உப்புக் கலந்திருந்தார்கள்; மேலே தகரக்கூரை போட்டிருந்தார்கள். அங்கே மண்வாரி மாவில் இறங்குவதுபோல் இறங்கும்.

உச்சியோடு ஒரு மாகாணம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. அதற்கு ஒரு கல் நட்டிருந்தாலும் அதை யாரும் பார்ப்பதில்லை. ரோட்டைப் பார்த்தாலே போதும். வடக்கே தங்கச் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் போகிற ரோடு. நடுக்குளிர்காலத்திலும் தார் கறுப்பாகத் தெரியும், ஓரத்தில் இரும்புத் தடுப்பு, சரிவுகளில் பனியைப் பிடித்து நிறுத்த வேலி. தெற்கே மூன்று மலையூர்களுக்கு இறங்குகிற ரோடு. அங்கே தார் இருந்த இடத்தில் குழியும், குழி இருந்த இடத்தில் பனிக்கட்டியும், பள்ளத்தின் ஓரத்தில் வரிசையாக நட்டுவைத்த பழைய டயர்களும்தான். இரண்டு பக்கத்தையும் பராமரிக்கும் குத்தகை ஒரே ஆளிடம் இருந்தது. அவர் பெயர் ரிஸ்பெக்.

லாரிக்குப் பின்னால், ரோட்டுப் பனியைத் தள்ளும் கிரேடர் நின்றது. பனியிலிருந்து தோண்டி எடுத்த வண்டி. வளைந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தி, உடைந்த முன்கண்ணாடிக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தார்கள். அதன் கதவு திறந்திருந்தது. உள்ளே வயர்லெஸ் கரகரத்தது.

"உல்கான் அக்கா, மேல எப்படி இருக்கு?"

உல்கானின் கடப்பாரை நடுவானில் நின்றது. கரகரப்பு அடங்கிவிட்டது. காற்றுதான். அல்லது சுரங்கத்து லாரிக்காரர்கள் யாராவது பேசியிருப்பார்கள். ஆனால் மாம்பெத்தின் மண்வாரியும் நின்றிருந்ததை அவள் பார்த்தாள். லாரிமேல் நின்றவனின் கைகளும் நின்றிருந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லாரும் மறுபடி வேலையைத் தொடங்கினார்கள்.

அசில்பெக் இறந்துபோய் இன்னும் நாற்பதாம் நாள் வரவில்லை.

அவன் கிரேடர் டிரைவர். உச்சியிலிருந்து கொஞ்சம் இறங்கினால் ஒட்டகக் கழுத்து என்றொரு வளைவு. அதற்கு மேலே மலை பனியைக் கூரைபோல் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும்; எப்போது விடும் என்று சொல்ல முடியாது. எதிர்முகட்டில் ஒரு காவல்குடிசை. அதில் உட்கார்ந்து அந்தப் பனியைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் உல்கானின் வேலையாக இருந்தது. வளைவுக்கு வந்ததும் அசில்பெக் வயர்லெஸ்ஸில் கேட்பான். "வா" என்பாள், அல்லது "நில்லு" என்பாள். அவ்வளவுதான் அவர்கள் இருவருக்கும் பேச்சு. போன இலையுதிர்காலத்தில் ரிஸ்பெக் அந்த வேலையை எடுத்துவிட்டு அவளை மணல் அள்ள அனுப்பினார். வடக்குப் பக்கத்தில் இரண்டு காவல்குடிசைகளிலும் ஆள் இருந்தது.

அன்றைக்கும் அசில்பெக் கேட்டான். அங்கே ஆள் இல்லை என்று தெரிந்தும், வாய்ப்பழக்கத்தில் கேட்டான். மாம்பெத்தின் சட்டைப்பையிலிருந்த வயர்லெஸ்ஸில் குரல் வந்தது. உல்கான் பாய்ந்து அதைப் பிடுங்கினாள். "நான் அங்க இல்லப்பா, நில்..." என்று சொல்லும்போதே, தூரத்தில் யாரோ பெரிய கதவொன்றைச் சாத்துவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

தோண்டி எடுத்தபோது அவன் சீட்டில் உட்கார்ந்தபடியே இருந்தான்.

ரிஸ்பெக்கின் ஜீப் வெயில் முகட்டைத் தொட்டபோது வந்து நின்றது. வடக்கிலிருந்துதான் வந்தது. தெற்கிலிருந்து எந்த அதிகாரியும் எந்தக் காலத்திலும் வந்ததில்லை. அவர் இறங்கிக் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"கீழ் ரோடு இன்னும் திறக்கலையா?"

"ஒட்டகக் கழுத்துல மேல பனி தொங்கிக்கிட்டிருக்குங்க" என்றார் மாம்பெத். "பார்த்துச் சொல்ல ஆள் இல்லாம வண்டி விட முடியாது."

"ஆள் வச்சு என்ன பண்ணப் போறீங்க? பனிகிட்ட விழாதேன்னு சொல்லப் போறீங்களா?"

ஜீப் டிரைவர் சிரித்தான். உல்கான் கடப்பாரையை மணலில் குத்தி நிறுத்தினாள்.

"பனிகிட்ட சொல்ல மாட்டோங்க. டிரைவர்கிட்ட சொல்லுவோம். அதுக்குத்தானே என்னை அங்க வச்சிருந்தீங்க."

"ஓ, அந்தப் பார்வைக்காரி நீதானா?"

"அப்போ பார்வைக்காரி. இப்போ கடப்பாரைக்காரி. வடக்குல ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்களே, அவங்க பனிகிட்ட என்ன சொல்றாங்க?"

"அந்த ரோட்டுல போறது தங்கம். உங்க ரோட்டுல என்ன போகுது? ரெண்டு மாவு வண்டி, நாலு ஆடு."

"பிரசவத்துக்குப் பொம்பளைங்களும் போறாங்க."

ரிஸ்பெக் அவளிடமிருந்து திரும்பிக்கொண்டார். லாரி டிரைவர் எர்மெக்கை விரலால் சுட்டினார். முப்பது தாண்டியவன், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன், அதிகம் பேசாதவன். "இனிமே கிரேடர் உன்னோடது. நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள இந்தத் தெற்கு ரோடு திறந்திருக்கணும். அசில்பெக் இருந்த வீடும் உனக்குத்தான். அது டிரைவர் வீடு, விதவை வீடு இல்ல. இந்த வாரத்துக்குள்ள அந்தப் பொம்பளை காலி பண்ணிடணும்." பிறகு எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "இன்னொண்ணு. விசாரிக்க மேலயிருந்து வருவாங்க. அசில்பெக் குடிச்சிருந்தான். குடிச்சிட்டு, யாரும் சொல்லாமலேயே வண்டிய எடுத்துக்கிட்டுப் போனான். எல்லாரும் அதைத்தான் சொல்லணும்."

மாம்பெத் மண்வாரியைக் கீழே வைத்தார்.

"அசில்பெக்கா? தன் கல்யாணத்துலயே போதை ஏறும்னு புளிச்ச குதிரைப் பால் வேணாம்னு சொன்னவன்ங்க அவன். மாமனார் ஒரு வருஷம் அவனோட பேசல. அவனைப் போய்க் குடிகாரன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"செத்தவனுக்கு இனிமே அதுல என்ன வந்தது?"

"நாங்க வண்டி எடுக்கலைன்னா?"

ரிஸ்பெக் கோபப்படவில்லை. கையுறையை நிதானமாக மாட்டிக்கொண்டார். "எடுக்காதீங்க. எனக்கு டீசல் மிச்சம். கீழ இருக்கிற மூணு ஊரும் யாரோட ஊரு? மாவு தீர்ந்தா உங்க அம்மாதான் பட்டினி. மருந்து வரலைன்னா உங்க பிள்ளைதான் இருமும். நல்லா நிறுத்துங்க."

ஜீப் கறுப்பு ரோட்டில் சத்தமில்லாமல் இறங்கிப் போனது. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவர்கள் காறித் துப்பியிருப்பார்கள். அது உண்மையாக இருந்ததால் குனிந்து மணலை அள்ளினார்கள்.

மதியம் உல்கான் கலீபாவைப் பார்க்கப் போனாள். உச்சிக்குச் சற்றுக் கீழே ரோட்டு ஆட்களின் குடியிருப்பு, ஐந்தாறு வீடுகள். தூரத்திலேயே எண்ணெய் காயும் வாசனை வந்தது. அசில்பெக்கின் மனைவி கலீபா மாவுத் துண்டுகளைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனைதான் செத்தவர்களுக்குப் போய்ச் சேரும் சாப்பாடு. பாதி வீடு மூட்டைகளாகக் கட்டிக் கிடந்தது. செய்தி அவளுக்கு முன்னமே வந்துவிட்டது.

"உட்காருங்க அக்கா. நிறைய போட்டுட்டேன். அவர் பசி தாங்க மாட்டார்."

உல்கான் உட்கார்ந்தாள். எண்ணெய் சடசடத்தது.

"விடியறதுக்கு முன்னால கிரேடர் கிளம்புற சத்தம் கேக்குது" என்றாள் கலீபா, வாணலியைப் பார்த்தபடியே. "எந்திரிச்சு டீக்குத் தண்ணி வைக்கிறேன். தண்ணி கொதிக்கும்போதுதான் ஞாபகம் வருது. யார்கிட்டயும் சொல்லல. பைத்தியம்னு சொல்லுவாங்க."

"எனக்கு வயர்லெஸ்ல கேக்குது."

கலீபா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன கேக்குறார்?"

"மேல எப்படி இருக்குன்னு."

"நீங்க என்ன சொல்றீங்க?"

கலீபா கரண்டியை வைத்துவிட்டு வந்து உல்கானின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாருக்கு யார் ஆறுதல் சொல்ல வந்தது என்று தெரியாமல் இருவரும் அப்படியே இருந்தார்கள்.

வாசலில் நிழல் தட்டியது. எர்மெக். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, நிலைப்படியைத் தாண்டாமல் நின்றான்.

"அண்ணி, நான் இந்த வீட்டைக் கேக்கல. ரிஸ்பெக்தான் சொன்னார்."

"தெரியும். உள்ள வா, குளிரு வருது."

"வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கச் சொன்னாங்க. ஏறினேன். சீட்டு சூடா இருந்துச்சு அண்ணி. யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி. இறங்கிட்டேன். வெக்கமா இருக்கு. ஆனா மறுபடி ஏற என்னால முடியல."

கலீபா ஒரு தட்டில் பொரித்த ரொட்டிகளைப் போட்டு அவனிடம் நீட்டினாள். "அதுல என்ன வெக்கம்? பயப்படாம போனா நீயும் திரும்பி வர மாட்டே. உன் பொண்ணுங்களுக்கு நான் பதில் சொல்ல முடியாது. ஏறாதே. வீட்டை நான் விட்டுடுறேன். நீ அந்த வண்டியில மட்டும் ஏறாதே."

"ஏறலைன்னா ஊருக்கு மாவு எப்படிப் போகும்?" என்றான் எர்மெக். ரிஸ்பெக் காலையில் போட்ட முடிச்சு அதுதான். அவன் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாயருகே கொண்டுபோகாமல் நின்றான்.

உல்கான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "எர்மெக், நம்ம ரோடு மூடினா அந்த ஆளுக்கு வலிக்குமா?"

"அவருக்கு என்ன வலி? அவரே சொன்னாரே."

"எந்த ரோடு மூடினா வலிக்கும்?"

எர்மெக் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. "வடக்கு."

"அப்போ நாம இங்க நிறுத்தக் கூடாது. அங்க நிறுத்தணும்."

"அது நம்ம ரோடு இல்லையே அக்கா. வடக்குல பனி வாருற தைலாக்கோட ரோடு."

"அது அவன் ரோடு இல்ல. அவன் வாருறான், அவ்வளவுதான். நாம வாருற மாதிரி."

வடக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பனிவண்டி இருந்தது. எதிரே உள்ள பனியை உள்ளிழுத்துத் தூரத்தில் வீசும். தெற்கு ஆட்கள் நாள் முழுக்கச் செய்வதை அது ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் செய்துவிடும். அதை ஓட்டுகிறவன் தைலாக். அகன்ற முகம், உரத்த குரல். தெற்கு ஆட்களைப் பார்த்தால் "ஆட்டுத்தடத்துக்காரங்க வந்துட்டாங்க" என்பான். மாம்பெத்தும் சளைக்காமல் "சுரங்கத்து மாப்பிள்ளை" என்று திருப்பிக் கொடுப்பார். பனிச்சரிவுக்குப் பிறகு அவன் கேலி பேசவில்லை. தெற்குப் பக்கம் முகத்தையே திருப்புவதில்லை.

அன்று மாலை உல்கான் கலீபா பொரித்த ரொட்டியை ஒரு துணியில் கட்டிக்கொண்டு, மாம்பெத்தையும் எர்மெக்கையும் அழைத்துக்கொண்டு, எல்லையைத் தாண்டி வடக்கு ஆட்களின் கொட்டகைக்குப் போனாள். உள்ளே அடுப்பு எரிந்தது. செத்தவர் பேரால் செய்த ரொட்டியை யாரும் மறுக்க முடியாது. ஆளுக்கு ஒன்று எடுத்து, செத்தவனுக்காக வேண்டி முகத்தைக் கையால் தடவிக்கொண்டார்கள். தைலாக் மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிடு" என்றாள் உல்கான்.

"இறங்காது அக்கா."

தைலாக் தானாகவே தொடங்கினான்.

"அன்னிக்கு அவன் குரல் எங்களுக்கும் கேட்டுச்சு. சத்தமும் கேட்டுச்சு. நான் வண்டியத் திருப்பிட்டேன். எல்லைக்கல்லுகிட்ட வரும்போது ரிஸ்பெக் வயர்லெஸ்ல கூப்பிட்டு, சுரங்க லாரிங்க நிக்குது, அதை முதல்ல அனுப்பு, கல்லைத் தாண்டினா உனக்கு வேலை இல்லைன்னார். அனுப்பிட்டு மண்வாரியத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தோம்."

"வந்தீங்க. நான் பார்த்தேன்."

"மண்வாரியத் தூக்கிக்கிட்டு" என்றான் தைலாக் மறுபடியும். "வெளியில பெரிய வண்டி நிக்குது. இப்போ எந்தப் பக்கம் திருப்பினாலும் கண்ணாடியில தெற்குதான் தெரியுது."

மாம்பெத் இருமினார். "சரி, மாப்பிள்ளை. நாளைக்கு அந்தக் கல்லைத் தாண்டுறியா?"

வடக்கை வாராமல் விட்டுத் தெற்கை வாரும் யோசனையை மாம்பெத் சொல்லச் சொல்ல, அடுப்பைச் சுற்றியிருந்தவர்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். மூலையிலிருந்த வடக்குப் பார்வைக்காரர் மட்டும் தலையை ஆட்டினார். நரைத்த மீசைக்காரர்.

"அவங்க ரோடு மோசம்னு நாம ஏன் நம்ம ரோட்டைக் கெடுத்துக்கணும்? எனக்கு வேலை போனா யாரு சோறு போடுவா? உங்க துக்கம் எனக்கும் புரியுது. ஆனா ஒருத்தர் துக்கத்துக்கு எல்லாரும் பட்டினி கிடக்க முடியாது."

அவர் கேட்டது நியாயம்தான் என்பதுபோல் எல்லாரும் அடுப்பைப் பார்த்தார்கள். உல்கான் அவரிடம் கேட்டாள்: "உங்களை எப்போ எடுக்கப்போறாங்க?"

"என்னையா? என்னை எதுக்கு எடுக்கணும்?"

"என்னையும் எதுக்குன்னு சொல்லலங்க. ஒரு நாள் வந்து, போய் மணல் அள்ளுன்னாங்க. அவ்வளவுதான்."

வசந்தத்துக்குப் பிறகு இரண்டு குடிசைக்கும் சேர்த்து ஒருவர் போதாதா என்று ரிஸ்பெக் போன வாரம்தான் கேட்டிருந்தார். அது கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும். தைலாக் கையிலிருந்த ரொட்டியை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை மீசைக்காரரிடம் கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து அவர் அதை வாயில் போட்டுக்கொண்டார்.

அன்றிரவு நல்ல பனி பெய்தது. விடிந்தபோது வடக்கு ரோடும் வெள்ளையாகக் கிடந்தது. இத்தனை வருஷத்தில் அதை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. உச்சியில் நின்று பார்த்தால் எந்த மாகாணம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது.

உல்கான் இடுப்பளவு பனியில் முகட்டேறிக் காவல்குடிசைக்குப் போனாள். கதவு பாதி புதைந்திருந்தது. கையால் தோண்டித் திறந்தாள். உள்ளே இலையுதிர்காலத்தில் விட்டுப்போன கெட்டில் அப்படியே இருந்தது. அதில் தேநீர் உறைந்து கட்டியாகியிருந்தது. ஜன்னலைத் துடைத்தாள். எதிரே மலை, அதன் நெற்றியில் நீட்டிக்கொண்டிருந்த பனிக்கூரை, அடியில் வளைவு. அன்றைக்கு இங்கிருந்து பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று இத்தனை நாளும் கண்ணை மூடும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ அவளோடு சேர்ந்து மூச்சு விடுவதுபோலிருந்தது. திரும்பவில்லை.

உச்சியில் பெரிய எஞ்சின் உறுமியது. பனிவண்டி எல்லைக்கல்லைத் தாண்டித் தெற்கே முகம் திருப்பியது. பக்கவாட்டுக் குழாயிலிருந்து பனி வில்லாக வளைந்து பள்ளத்தில் கொட்டியது. பின்னால் இரண்டு பக்கத்து ஆட்களும் மண்வாரிகளோடு நடந்தார்கள். குடியிருப்பைக் கடக்கும்போது கலீபாவும் ஒரு மண்வாரியை எடுத்துக்கொண்டு சேர்ந்துகொள்வது தெரிந்தது.

வண்டி வளைவை நெருங்கியது. மாம்பெத் கொடுத்திருந்த வயர்லெஸ் கரகரத்தது.

"அக்கா, தைலாக் பேசுறேன். வரலாமா?"

பனிக்கூரையின் விளிம்பில், சற்றுமுன் இல்லாத ஒரு நீலக்கோடு. முதலில் நிழல் என்று நினைத்தாள். நிழலாக இருந்தால் வெயில் ஏற ஏற நகரவேண்டும். அது நகரவில்லை, அகலமானது.

"நில்லு. எல்லாரையும் பின்னால போகச் சொல்லு. வண்டியப் பின்னால எடு."

"எவ்வளவு தூரம்?"

"எடுத்துக்கிட்டே இரு. நான் சொல்ற வரைக்கும்."

வண்டி பின்வாங்கியது. ஆட்கள் ஓடினார்கள். மலை சத்தமில்லாமல் விட்டது; சத்தம் பிறகுதான் வந்தது. வெள்ளைப்புகை எழுந்து வளைவு மறைந்தது, வண்டி மறைந்தது, குடிசை ஜன்னல் மறைந்தது. உல்கான் வயர்லெஸ்ஸின் பொத்தானை அழுத்தினாள். கையை எடுத்தாள். கரகரப்பு. வெறும் கரகரப்பு. அதற்குள் எத்தனையோ குளிர்காலங்கள் போய்வந்ததுபோலிருந்தது.

"அக்கா." தைலாக்கின் குரல் இருமியது. "இருக்கேன். எல்லாரும் இருக்கோம். கண்ணாடியெல்லாம் பனி. அவ்வளவுதான்."

உல்கான் தரையில் உட்கார்ந்து அழுதாள். அசில்பெக்மேல் அந்தக் கதவு சாத்தப்பட்ட நாளிலிருந்து அவளுக்கு வராத அழுகை. பிறகு எழுந்து ஜன்னலை மறுபடி துடைத்தாள். மலையின் நெற்றி வெறுமையாகக் கிடந்தது. "இப்போ விழுறதுக்கு ஒண்ணுமில்ல. வா" என்றாள்.

வெயில் நன்றாக ஏறியபின் வயர்லெஸ்ஸில் ரிஸ்பெக்கின் குரல் வந்தது. உச்சியில் நின்ற மாம்பெத் அவரிடம் பேசும்போது எல்லாருக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு வயர்லெஸ்ஸின் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தார். ஜீப் பாதிவழியில் சிக்கிக்கொண்டதால் ரிஸ்பெக் நடந்து வந்திருந்தார். மூச்சு வாங்கியது.

"வண்டிய வடக்குக்குக் கொண்டு வா. சுரங்க லாரிங்க அடிவாரம் வரைக்கும் நிக்குது."

"வண்டி வேலையில இருக்குங்க. தெற்கு ரோட்டை இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள திறக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அந்த வண்டியில இல்ல."

"எந்த வண்டியிலன்னு நீங்க சொல்லல."

"விளையாடுறீங்களா? போலீஸுக்குச் சொல்லியாச்சு."

"வரட்டுங்க. எந்த ரோட்டுல வருவாங்க?"

யாரோ சிரித்தார்கள். ரிஸ்பெக்கின் குரல் தாழ்ந்தது. "மாம்பெத், வயசான காலத்துல எதுக்கு இதெல்லாம். உனக்கு என்ன வேணும்?"

"எனக்கு மட்டும் ஒண்ணும் வேணாம். குடிசையில உல்கான் இருக்கணும். வடக்குலயும் ஆள் குறையக் கூடாது. பெரிய வண்டி ரெண்டு பக்கமும் வாரணும். கலீபா எங்கேயும் போக மாட்டா. அசில்பெக் நீங்க போகச் சொல்லித்தான் போனான், குடிக்காம போனான். விசாரிக்க வர்றவங்ககிட்ட நீங்களே அதைச் சொல்லணும்."

"நாளையிலயிருந்து உங்க ஒருத்தருக்கும் வேலை இல்ல."

"சரிங்க. இன்னைக்கு இருக்கில்ல?" என்றார் மாம்பெத்.

நடுவில் யாரென்று தெரியாத ஒரு குரல் குறுக்கிட்டது. லாரிக்காரர்களில் ஒருவராக இருக்க வேண்டும். "ஏம்பா, இன்னொரு மண்வாரி இருக்குமா? சும்மா நின்னா காலு விறைக்குது."

பொத்தானிலிருந்து மாம்பெத் கையை எடுத்துவிட்டார் போலிருக்கிறது, பேச்சு அறுந்தது.

மத்தியானம் மறுபடி பனி தூற ஆரம்பித்தது. காலையில் மலையிலிருந்து சரிந்த பனி வளைவில் ஒரு வீட்டுயரத்துக்குக் குவிந்து கிடந்தது. உள்ளே கல்லும் முறிந்த மரமும் இருந்ததால் பெரிய வண்டியால் வேகமாகப் போக முடியவில்லை. முன்னால் போய் மண்வாரியால் அவற்றைத் தோண்டி எடுத்துப் போட்டார்கள். எர்மெக்கும் நரைத்த மீசைக்காரரும் ஒரு மரத்தை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து இழுத்தார்கள். அருகில் கலீபா. அவர்களுக்குப் பின்னால், சுரங்கத்து ஆட்கள் போடும் மஞ்சள் சட்டையில் யாரோ ஒருவன்.

உல்கான் அப்போதுதான் கீழே பார்த்தாள். மலையூர்களின் பக்கமிருந்து ரோட்டில் புள்ளிபுள்ளியாக ஏதோ அசைந்தது. ஆடுகள் என்று நினைத்தாள். கிட்டே வந்ததும் மனிதர்கள் என்று தெரிந்தது. ஆண்களும் பெண்களுமாய், தோளில் மண்வாரிகள், ஒரு குதிரைக்குப் பின்னால் சறுக்குவண்டி. பெரிய வண்டியின் சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். குவியலின் மறுபக்கத்தை அடைந்து, ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்துவிட்டு, அவர்களும் தோண்ட ஆரம்பித்தார்கள். குவியல் நடுவில் நின்றதால் இந்தப் பக்கத்தாருக்கு அந்தப் பக்கத்தாரைத் தெரியவில்லை. இரண்டு பக்கத்தையும் பார்க்க முடிந்தது அவள் ஒருத்தியால்தான்.

நாளை போலீஸ் வரலாம். ரிஸ்பெக் வேறு ஆட்களைக் கொண்டுவரலாம். உல்கான் அதையெல்லாம் நினைத்தாள். நினைத்துக்கொண்டே கண்ணை மலையின் நெற்றியிலிருந்து எடுக்காமல் நின்றாள். புதிய பனி அங்கே மறுபடி படியத் தொடங்கியிருந்தது.

"அக்கா, இன்னும் எவ்வளவு இருக்கு?" தைலாக்கின் குரல் களைத்திருந்தது.

உல்கான் குவியலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள்.

"நிறைய இருக்கு" என்றாள். "ஆனா அந்தப் பக்கத்துலயிருந்தும் தோண்டிக்கிட்டு வராங்க."